இணையத்தின் சட்டங்களை எழுதுவது யார்?

உலகம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். உள்ளங்கையில் அடங்கிவிட்ட அந்த உலகத்துக்குச் சட்டதிட்டம் வகுப்பவர்கள் யார்? அவர்கள் எங்கே கூடுகிறார்கள்? எந்த மொழியில் பேசுகிறார்கள்? அங்கே நம் போன்றோர் உட்கார ஓர் இடம் உண்டா? இந்த வினாக்களை நம் கல்லூரியின் எந்த மேடையிலும் எவரும் எழுப்பி நான் கேட்டதில்லை. சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் நம் மாணவர்கள், நாள்தோறும் பல மணி நேரம் குடியிருக்கும் இணையத்தின் ஆட்சி யார் கையில் இருக்கிறது என்று சிந்திப்பதே இல்லை.

இதை எழுதுபவன் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கணிப்பொறித் துறை நண்பர்கள், "உனக்கேன் இந்த வேலை?" என்று கேட்கலாம். கேட்கட்டும். ரேஷன் அரிசியைப் பற்றிப் பேச வேளாண்மைப் பட்டம் வேண்டியதில்லை அன்றோ!

முதலில் இணைய முகவரி என்பது என்ன என்று பார்ப்போம். இணையத்தில் கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. நீண்ட எண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலின், பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு ஒன்றை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தார். அஞ்சல் உறையில் ஊர், வட்டம், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போவது போலவே இணைய முகவரியும் போகிறது. கடைசியில் வரும் பகுதிதான் பெரியது. இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று என்று இருக்கும் அந்தக் கடைசிப் பகுதிகள் அனைத்தும் ஒரே பட்டியலில் அடங்கும். அதை 'வேர்ப் பட்டியல்' என்கிறார்கள். 13 பெயர்களில் இயங்கும் வேர்க் கணிப்பொறிகள் அதைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத முடிவு, இணையத்தில் இல்லாத முடிவு.

இப்பட்டியலைப் பராமரிப்பது ஐக்கான் என்ற நிறுவனம். 1998-இல் கலிபோர்னியாவில் இலாப நோக்கின்றித் தொடங்கப்பட்டது. நெடுநாள் அமெரிக்க அரசின் மேற்பார்வையில் இருந்த இந்தப் பணி, 2016 அக்டோபர் முதல் அந்த மேற்பார்வையிலிருந்து விடுபட்டது. இன்று அரசுகள், வணிக நிறுவனங்கள், தொழில்நுட்ப வல்லுநர்கள், சாதாரணப் பயனாளர்கள் ஆகிய அனைவரும் கலந்து பேசி முடிவெடுக்கும் முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. எந்த விதியையும் வகுக்குமுன் அதன் வரைவை வெளியிட்டு, உலகில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று அழைப்பு விடுக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. நம் ஊர்க்கூட்டமும் அப்படித்தான். யாரும் வரலாம், யாரும் பேசலாம். ஆனால் வேலைக்குப் போய்விட்டவனுக்கும் வெளியூர் சென்றவனுக்கும் சேர்த்து, வந்தவர்கள்தாம் முடிவெடுத்துவிட்டுப் போகிறார்கள்!

இதனால் நமக்கு என்ன வந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். தமிழ் நாளேட்டை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிப்பவர். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மின்கட்டணம் பாக்கி இருக்கிறது, இன்றிரவே இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற மிரட்டலும், கீழே ஆங்கிலத்தில் ஒரு முகவரியும் இருந்தன. இரவில் விளக்கில்லாமல் தைப்பது எப்படி? பதறிப்போய் அதை அழுத்தினார். அவர் கணக்கில் இருந்த 6,000 ரூபாயும் போயிற்று. அந்த முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. "நீ படிச்ச பிள்ள, உனக்குத் தெரியும். எனக்கு அது எழுத்தாவா தெரியுது? கோழி கிளறின மாதிரில்ல இருக்கு" என்றார் அக்கா.

அந்தப் பேச்சு என்னை விட்டு அகலவில்லை. முகவரியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தப் படிப்பே ஒரு காவல். தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தும், அந்தக் காவல் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. என் தாயார் பீடி சுற்றும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. நல வாரியப் பதிவு முதல் தங்கையின் உதவித்தொகை வரை எந்த விண்ணப்பம் என்றாலும் நான் வகுப்பு முடிந்து வரும்வரை வீடு காத்திருக்கிறது. வெளியூரில் வேலை கிடைத்து நான் போய்விட்டால் இந்த வீடுகள் யாரை நம்பும்?

சரி, தமிழிலேயே முகவரி இருந்தால்? இருக்கிறது, நண்பர்களே! பலருக்கு இது வியப்பாக இருக்கும். 2010 வரை முகவரியின் கடைசிப் பகுதியில் ரோமன் எழுத்துகளே ஆட்சி செய்தன. அந்த ஆண்டு மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளின் பெயர்கள் அரபு எழுத்தில் முதன்முதலாக வேர்ப் பட்டியலில் ஏறின. அதே ஆண்டில் 'இலங்கை' என்ற தமிழ்ச் சொல் ஏறியது. மறு ஆண்டில் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்ற சொற்களும் ஏறின. மூன்று நாடுகள் தத்தம் பெயரைத் தமிழில் எழுதி இணையத்தின் வேரில் பதித்திருக்கின்றன. இது பெருமைதான். ஆனால் நம் வகுப்பில் 52 பேரைக் கேட்டேன். இந்த முகவரிகளைக் கேள்விப்பட்டவர் ஒருவருமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ் முகவரி தமிழாகவே பயணம் செய்வதில்லை. பழைய ஏற்பாடு ரோமன் எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றை மட்டுமே அறியும். ஆகவே நாம் தமிழில் தட்டுவதை உள்ளே ரோமன் எழுத்துகளாக உருமாற்றி அனுப்புகிறார்கள். 'சிங்கப்பூர்' என்பது நமக்கு 6 எழுத்து. கணிப்பொறிக்குள் அது 11 குறிகள். உருமாறி வெளியே போகும்போது 22 எழுத்துகள்! முகவரியின் ஒரு பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. ஆங்கிலத்தில் நீண்ட பெயர்கூட அதற்குள் அடங்கும். நம் பெயர் பாதியிலேயே முட்டிக்கொள்ளும். இந்த விதியை எழுதியவர்கள் தமிழுக்குப் பகைவரல்லர். எழுதிய இடத்தில் தமிழ் அவர்கள் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே.

நினைவுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் பெயர்கள் ஏறுவதற்கு முன், 2007 அக்டோபரில் சோதனைக்காக 11 சொற்களை வேர்ப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்திய மொழிகளில் இந்திக்கும் தமிழுக்கும் மட்டுமே அந்த வாய்ப்புக் கிடைத்தது. 'சோதனை' என்ற பொருளில் அவர்கள் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல் 'பரிட்சை'. ஆம், குறில்தான்! 'பரீட்சை' என்று நெடில் வர வேண்டிய இடத்தில் குறிலிட்டு, இணையத்தின் வேரிலேயே எழுத்துப்பிழையோடு ஏற்றிவிட்டார்கள். 'தேர்வு' என்ற தமிழ்ச் சொல் கண்ணில் படவில்லை என்பது கிடக்கட்டும்; வடசொல்லையாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம். நாம் வினாத்தாளில் இப்படி எழுதினால் தமிழ்ப் பேராசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அங்கே சுழிப்பதற்கு ஆளில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அச்சோதனைச் சொற்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன.

ஓர் எழுத்துப்பிழைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களை மீண்டும் தையற்கார அக்காவிடம் அழைத்துப் போகிறேன். தமிழில் முகவரி வந்துவிட்டால் மோசடி ஒழிந்துவிடுமா? ஒழியாது. விதி சரியாக இல்லாவிட்டால் மோசடியும் தமிழிலேயே வரும். 'ஔவை' என்று எழுதிப் பாருங்கள். 'ஔ' என்ற ஒரே எழுத்தை இட்டும் எழுதலாம். 'ஒ' எழுதிப் பக்கத்தில் 'ள' இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு வெவ்வேறு. ஒரு பெயரில் உண்மையான நூலகம் இருக்கும், மற்றதில் பணம் பறிப்பவன் கடை விரிப்பான். தமிழ் எண் ஒன்றையும் ககர எழுத்தையும் அடுத்தடுத்து வைத்தால் பிரித்தறிய முடிகிறதா? 'ஸ்ரீ' என்பதை இரு வேறு குறிகளால் எழுத முடியும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இவற்றில் எவை இரட்டைகள், ஒன்றை ஒருவர் எடுத்தால் மற்றதை வேறொருவருக்கு மறுக்க வேண்டுமா என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். தமிழைத் தினமும் எழுதிப் படிப்பவர்களைத் தவிர வேறு யாரால் இதைச் செய்ய முடியும்?

வேர்ப் பட்டியலைப் பொறுத்தவரை இந்த வேலை நடந்திருக்கிறது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், தேவநாகரி, வங்கம், குஜராத்தி, குர்முகி, ஒடியா ஆகிய ஒன்பது எழுத்து முறைகளும் பிராமியின் வழிவந்தவை என்பதால், இந்தியாவோடு அண்டை நாட்டவரும் கலந்த ஒரே குழு இவை அனைத்தையும் ஆராய்ந்தது. தமிழ் எழுத்துகள் சிலவும் மலையாள எழுத்துகள் சிலவும் உருவில் ஒத்திருப்பதால் இரு மொழியாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. தமிழுக்கான விதி 2019-இல் நிறைவுற்றது. நல்ல பணி, பாராட்டுகிறேன். அந்த ஆவணத்தை நம் ஆய்வகத்தில் உட்கார்ந்து அகராதியும் கையுமாக மூன்று மாலை படித்தேன். தமிழ் எழுத்தைப் பற்றிய ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கிறது! எழுத்தின் நுட்பம் அறிந்த நம் தமிழ்த் துறை மாணவர்கள் அதைப் படிக்கவும் குறை கூறவும் வழி எங்கே?

வேர் முடிந்துவிட்டது, கிளைகள் முடியவில்லை. 'புள்ளி இந்தியா' என்பதன் கீழ் எந்தப் பெயரைத் தரலாம் என்று முடிவு செய்வது இந்தியப் பதிவகம். இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனிப் பதிவகங்கள் இருக்கின்றன. ஒரே மொழிக்கு மூன்று வாசல்கள், மூன்று சாவிக்காரர்கள். சென்னையில் மறுக்கப்படும் மோசடிப் பெயர் கொழும்பில் கிடைக்குமானால், ஏமாறப் போகிறவர் மதுரையில் இருந்தாலென்ன, மட்டக்களப்பில் இருந்தாலென்ன? இணையத்துக்குக் கடலும் எல்லையும் இல்லை என்று பேசும் நாம், விதிகளை மட்டும் எல்லைக்குள் அடைத்து வைப்பது எந்த நியாயம்?

இம்மூன்று பதிவகங்களும் தமிழ் அறிந்தவர்களைக் கூட்டி ஒரே விதித்தொகுப்பை உருவாக்க வேண்டும் என்பதே என் கட்டுரையின் கோரிக்கை. இது நடவாத காரியம் என்று எவரும் கையை விரிக்க வேண்டாம். நடந்த காரியம் ஒன்று இருக்கிறது.

சீன எழுத்துகளைச் சீனா, தைவான், ஜப்பான், கொரியா ஆகிய நான்கு இடங்களிலும் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் எழுத்தை எளிமையாக்கிவிட்டார்கள். தைவானில் பழைய வடிவமே நிலைத்திருக்கிறது. ஆகவே 'நாடு' என்ற ஒரே சொல்லுக்கு இரு வடிவங்கள். நம் 'ஔ' சிக்கல் அங்கே ஆயிரக்கணக்கான எழுத்துகளில். சீனாவும் தைவானும் அரசியலில் எப்படிப்பட்ட பகை கொண்டவை என்பதை நாம் அறிவோம். ஆயினும் நான்கு இடங்களின் பதிவகங்களும் ஒரு கூட்டுப் பொறியியல் குழுவை அமைத்துப் பேசி, 2004 ஏப்ரலில் பொது விதி ஒன்றை வெளியிட்டன. ஒருவர் ஒரு பெயரைப் பதிவு செய்தால், அதன் மாற்று வடிவங்கள் எல்லாம் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு அவருக்கே உரியன. பிறர் பறிக்க முடியாது. கலிபோர்னியாவிலிருந்து உத்தரவு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தம் வட்டாரத்தின் சிக்கலைத் தம் வட்டாரத்திலேயே தீர்த்து, தீர்வை உலக அவையின் முன் வைத்தார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது. அரபு எழுத்தினரும் பின்தங்கவில்லை. அரபு, பாரசீகம், உருது என்று பல மொழியினர் ஒன்றுகூடி, வேர்ப் பட்டியலுக்கான தம் விதியை 2015-லேயே முடித்துவிட்டார்கள்.

சீனாவும் தைவானும் உட்காரும் மேசையில், பகையென்று எதுவுமில்லாத சிங்கப்பூர்த் தமிழனும் யாழ்ப்பாணத்துத் தமிழனும் தஞ்சைத் தமிழனும் உட்கார முடியாதா?

நம் முன்னோடிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கலாகாது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி அதற்குப் பெரிதும் உழைத்தவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தான் தின் வீ என்ற சீனப் பேராசிரியர் அவருக்குத் தோள் கொடுத்தார். ரோமன் அல்லாத எழுத்துகளில் முகவரி இயலும் என்று செய்து காட்டிய தொடக்க முயற்சிகளிலும் இந்தப் பேராசிரியரின் குழுவுக்குப் பங்குண்டு. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை கிடைத்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோரும் தமிழைக் கணிப்பொறியில் ஏற்ற உழைத்தார்கள். 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. கடல் கடந்து நான்கைந்து நாடுகளின் தமிழர்கள் ஒரு விசைப்பலகைக்காகவும் ஓர் எழுத்துருக் குறியீட்டுக்காகவும் இரவு பகலாக வாதாடிய காலம் அது. அவர்களில் பெரும்பாலோர் பொறியாளர்கள், பேராசிரியர்கள், வெளிநாடுகளில் நிலைபெற்றவர்கள். அவர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் தறி ஓடும் வீட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் அந்த வரிசையில் சேர வேண்டிய காலம் இது என்கிறேன். இ-சேவை மையத்தின் வாசலில் அரைநாள் நிற்பவர்கள் நம் தாய்தந்தையர்தாமே!

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு யுனிகோடே சாட்சி. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான அந்தக் குறியீட்டில் 1991-இல் தமிழ் இடம் பெற்றது. தேவநாகரியை மனத்தில் கொண்டு அமைந்த 1988-ஆம் ஆண்டு இந்தியக் குறியீட்டை அது பின்பற்றியது. நம் இலக்கணத்தில் 'க்' என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' பிறக்கிறது. அங்கே 'க' முதலில். புள்ளி சேர்ந்தால்தான் 'க்' பிறக்கும்! தமிழின் 247 எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி இடமில்லை. ஒட்டுப் போட்டே உருவாக வேண்டும். பின்னர் நம்மவர்கள் எவ்வளவோ வாதாடினார்கள். தமிழக அரசு 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்றபோது, எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையை மாற்றுத் தரமாக அறிவித்தது. ஆனால் யுனிகோடில் ஒருமுறை வைத்த எழுத்தை எடுக்கவோ இடம் மாற்றவோ கூடாது என்பது அவர்கள் விதி. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. வந்தவன் எங்கே உட்காருவது?

அதே 2010-இன் இறுதியில் கிரந்த எழுத்துகள் பற்றிய முன்மொழிவு யுனிகோடு அவைக்குப் போயிருந்தது தெரியவந்து தமிழகம் கொதித்தது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதினார், முடிவு தள்ளிப்போயிற்று. கடைசியில் கிரந்தம் 2014-இல் தனித் தொகுதியாகவே சேர்ந்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. முன்மொழிவு மேசைக்குப் போன பின் முதலமைச்சரே தலையிட வேண்டிய நிலை ஏன் வந்தது? மேசையில் நாள்தோறும் உட்கார்ந்து கவனிக்கும் ஆள் போதவில்லை என்பதால்தானே!

மேசைகள் பல இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இணைய ஆளுகை மன்றம் 2006-இல் ஏதென்சில் முதன்முதலாகக் கூடியது. 2008-இல் நம் ஐதராபாத்துக்கே வந்தது. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கென்று தனி மன்றம் 2010-இல் ஹாங்காங்கில் தொடங்கி, ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊரில் நடக்கிறது. ஐக்கான் கூட்டம் 2008-இல் புதுதில்லியிலும் 2016-இல் ஐதராபாத்திலும் நடைபெற்றது. மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்துச் செல்லும் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்தில், பேச்சு ஆங்கிலத்தில். ஐக்கான் கூட்டங்களில் ஐ.நா.வின் ஆறு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்க்க ஏற்பாடு உண்டு. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வாழும் தெற்காசியாவின் மொழி ஒன்றுகூட அதில் இல்லை. தமிழுக்கு மட்டும் கேட்டால் தராமல் போகலாம். தமிழ், வங்கம், இந்தி, உருது, சிங்களம், நேபாளி பேசுவோர் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலை ஒதுக்க முடியுமா? வட்டார ஒத்துழைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதையெல்லாம் அரசுகள் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன என்று ஒரு நண்பர் சொன்னார். அரசு வேண்டும், அரசு மட்டும் போதாது. இலங்கையில் 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சியின்போதும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. நேபாள அரசு 2025 செப்டம்பரில் 26 தளங்களை ஒரே ஆணையில் தடை செய்தது, நம் வயது இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், பலர் உயிரிழந்தார்கள், தடை நீங்கியது, பிரதமரும் பதவி விலகினார். பேசும் மேசை இருந்து, அதில் இளைஞனுக்கும் இடம் இருந்திருந்தால் அவ்வளவு இரத்தம் சிந்த வேண்டியிருந்திருக்குமா? நம் நாட்டில் 2015-இல் சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் திட்டங்கள் வந்தபோது, பத்து இலட்சத்துக்கும் மேலான மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-இல் அப்படிப்பட்ட பாகுபாட்டுக் கட்டணங்களுக்கு ஆணையம் தடை விதித்தது. அந்த மின்னஞ்சல்களை எழுதியவர்கள் அமைச்சர்களா? நம் போன்ற அண்ணன்மார்களும் அக்காமார்களும்தாம்.

இன்னொரு நண்பரின் வாதம் கூர்மையானது. "முகவரியை யாரப்பா தட்டுகிறார்கள்? பேசினால் தேடித் தருகிறது, செயலி இருக்கிறது, படம் தொட்டால் திறக்கிறது" என்றார். உண்மைதான். என் தாயாரும் வாய்மொழியாகத்தான் தேடுகிறார். ஆனால் தேடித் தந்தது உண்மையான இடந்தானா என்று சரிபார்க்க வேண்டிய நேரத்தில் கண் போகிற இடம் அந்த முகவரி வரிதான். அதையும் படிக்க முடியாதபோது, தேடித் தரும் நிறுவனம் சொன்னதே வேதவாக்கு. ஒரு நிறுவனத்தை நம்பித்தான் தன் வீட்டுக் கதவைக் கூட அடையாளம் காண வேண்டும் என்ற நிலையை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

தமிழ் முகவரியைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதும் குற்றச்சாட்டாக வருகிறது. தமிழில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதற்கான தொழில்நுட்ப விதி 2012-லேயே வந்துவிட்டது. அண்மையில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் தமிழ் முகவரி ஒன்றை இட்டுப் பார்த்தேன். 'செல்லாத முகவரி' என்று சிவப்பு எழுத்தில் விடை வந்தது. பேருந்தே விடாத ஊருக்குப் பயணிகள் வரவில்லை என்று சொல்வது போல இருக்கிறது கதை! தனியார் எவரேனும் தமிழில் ஒரு புதிய கடைசிப் பகுதியை வேரில் ஏற்ற விரும்பினால், 2026-ஆம் ஆண்டுச் சுற்றுக்கு ஐக்கான் வைத்த கட்டணம் 227,000 டாலர். ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். எங்கள் ஊராட்சிக்குப் புதிய பள்ளிக் கட்டடமே வந்துவிடும்.

ஆகவே பணம் வேண்டிய வேலையைப் பணமுள்ளவர்களுக்கு விட்டுவிட்டு, நம்மால் முடிந்ததைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு விதி ஆவணத்தைத் தமிழில் பெயர்க்கலாம். தமிழ்த் துறையும் கணிப்பொறித் துறையும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடியும். எந்தெந்த எழுத்துகள் கண்ணை ஏமாற்றுகின்றன என்று நம் ஊர்ப் பெரியவர்களிடம் எழுதிக் காட்டிக் கேட்கலாம். ஆவணம் எழுதியவர்களுக்குக் கிடைக்காத சான்று அது. இந்தியப் பதிவகத்துக்கு நாம் எழுதும் கடிதத்தின் நகலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் சிங்கப்பூர் மாணவர்களுக்கும் அனுப்பி, அவர்கள் பதிவகங்களுக்கு அவர்களையும் எழுதச் சொல்லலாம். மூன்று வாசலிலும் ஒரே நாளில் ஒரே கோரிக்கை தட்டட்டும். ஐக்கான் வெளியிடும் வரைவுகளுக்குக் கருத்து எழுத அஞ்சல் தலைகூட வேண்டியதில்லை.

நம் கணிப்பொறி ஆய்வகம் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படுகிறது. வகுப்பு முடிவதோ மூன்றே முக்காலுக்கு. புதன்கிழமைகளில் மட்டும் ஆறு மணி வரை திறந்து வைக்குமாறு கேட்டு முதல்வர் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். இதுவரை 11 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நால்வர் தமிழ்த் துறை, இருவர் வணிகவியல். தாள் நூலகத்தில் நாளேடுகள் வைக்கும் மேசையில் இருக்கிறது. ஆறரை மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் ஐந்தரைக்கே எழுந்து போகலாம் என்றும் அதில் குறித்திருக்கிறோம்.